மீன்பிடி ஊர்க்காரர், ஜெனரல், அப்புறம் எம்எல்ஏ: ஜான் குளோவர் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

முட்டம்_பாறைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமைக்குள் ஒரு உதவி வேண்டும்.

மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். பள்ளியில் பேச்சுப் போட்டி. தலைப்பு "கடலோர மக்களின் வீரம்". வகுப்பில் பாதிப் பேர் குளச்சல் போரைத்தான் எடுத்திருக்கிறார்களாம். "நான் மட்டும் வேற மாதிரி பேசணும்மா" என்று ஒரே பிடிவாதம்.

என் தம்பி சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். போன மாதம் கப்பல் பாஸ்டன் துறைமுகத்தில் நின்றபோது ஊர் சுற்றப் போயிருக்கிறான். காமன்வெல்த் அவென்யூ என்ற தெருவில் ஒரு சிலையைப் போட்டோ எடுத்து அனுப்பினான். கூடவே வாய்ஸ் மெசேஜ்: "அக்கா, இது ஜான் குளோவர். நம்மள மாதிரி மீன்பிடி ஊர்க்காரர். வாஷிங்டனோட ராணுவத்தையே படகுல ஏத்தி அக்கரை சேர்த்தவராம். பொறவு எம்எல்ஏவும் ஆயிருக்காரு. மருமவனுக்குச் சொல்லு."

மகன் அதைக் கேட்டுவிட்டு ஒரே மூச்சில் எழுதிய முதல் வரி: "ஏழை மீனவனாகப் பிறந்து, படகோட்டியே அமெரிக்காவை மீட்ட மாவீரன் ஜான் குளோவர்!" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு உறுத்தல். நடுவர்களில் யாராவது விஷயம் தெரிந்தவர் இருந்து, பிள்ளை மேடையில் முழிக்கக் கூடாது.

அவர் உண்மையிலேயே கடலுக்குப் போன மீனவரா? படகோட்டி எப்படி ஜெனரல் ஆனார்? எம்எல்ஏ என்றால் நம்ம ஊர் எம்எல்ஏ மாதிரியா, அங்கே போய் மீனவர்களுக்கு என்ன செய்தார்? படகில் வாஷிங்டன் எழுந்து நிற்கிற படம் ஒன்று புத்தகங்களில் வருமே, அது இவருடைய படகுதானா?

குளச்சல்_பழைய_வாத்தியார் எழுதியது:

தங்கச்சி, உறுத்தல் சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் சரித்திரம் நடத்தியவன் நான். அப்பா வள்ளத்தில், அதாவது மீன்பிடிப் படகில், தண்டு என்கிற நீளத் துடுப்பு வலித்தவர். அதனால் இந்த ஆளை நான் இரண்டு பக்கமும் இருந்து பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த "ஏழை மீனவன்" என்பதை அடித்துவிடச் சொல்லுங்கள். பிறந்தது 1732இல், மாசச்சூசெட்ஸில் சேலம் என்ற ஊரில். அப்பா தச்சர். பையனுக்கு நாலு வயசு இருக்கும்போது அவர் இறந்துபோக, குடும்பம் பக்கத்து ஊரான மார்பிள்ஹெட்டுக்கு வந்தது. அங்கே குளோவர் முதலில் கற்ற தொழில் செருப்புத் தைப்பது. அப்புறம் ரம் சாராய வியாபாரம். அதில் கை நிமிர்ந்த பிறகுதான் படகு வாங்கி மீன் வியாபாரத்தில் இறங்கினார். நம்ம பாஷையில் சொன்னால் படகு முதலாளி, அதோடு கருவாட்டு வியாபாரி.

கருவாடு என்று சும்மா சொல்லவில்லை. மார்பிள்ஹெட்டின் பிழைப்பே காட் மீன். நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் கடலுக்கடியில் பெரிய மேடு, கிராண்ட் பேங்க்ஸ் என்பார்கள், அங்கே வாரக்கணக்கில் தங்கித் தூண்டில் போட்டுப் பிடித்து, வெட்டி உப்பிட்டுக் கொண்டுவருவார்கள். கரைக்கு வந்ததும் பரண் மாதிரி கட்டிய தட்டுகளில் விரித்துக் காயவைப்பார்கள். நல்ல தரம் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் போகும். உடைந்தது, கெட்டுப்போகிற நிலையில் உள்ளது எல்லாம் மேற்கிந்தியத் தீவுகளுக்கு. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வேலை செய்தவர்களுக்குத் தீனி அதுதான். இதைப் பையன் மேடையில் சொல்ல வேண்டாம், நீங்கள் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வீரர்களின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் இப்படி ஒன்றிரண்டு பக்கம் கிடக்கத்தான் செய்யும்.

பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்கச் சுதந்திரப் போருக்கு அந்த ஊர் ஏன் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1775இல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் ஒரு சட்டம் போட்டது. நியூ இங்கிலாந்துக்காரர்கள் வட அட்லாண்டிக்கில் மீன் பிடிக்கவே கூடாது என்று. கடலை மூடிவிட்டால் மீன்பிடி ஊர் என்ன செய்யும்? படகு கரையில், ஆள் சும்மா. வேலையில்லாமல் நின்ற அந்த ஆட்களைத்தான் குளோவர் ரெஜிமென்டாகத் திரட்டினார். தேசபக்தி இல்லை என்று சொல்லவில்லை, வயிறும் அதில் உண்டு.

அதே 1775இல் வாஷிங்டனுக்குக் கப்பல் தேவைப்பட்டது. குளோவர் தன்னுடைய ஹன்னா என்ற ஸ்கூனர் வகைப் பாய்மரக் கப்பலைக் கொடுத்தார். அவர் மனைவி பெயரும் ஹன்னாதான். 78 டன் கப்பல். சும்மா கொடுக்கவில்லை, டன்னுக்கு மாதம் ஒரு டாலர் வாடகை. கருவாட்டு வியாபாரி அல்லவா! செப்டம்பரில் பெவர்லி என்ற ஊரிலிருந்து பீரங்கி பொருத்திக்கொண்டு புறப்பட்ட அந்த மீன்பிடிக் கப்பல்தான் வாஷிங்டன் கடலுக்கு அனுப்பிய முதல் ஆயுதக் கப்பல்.

இனி உங்கள் பையன் பேச வேண்டிய இடம். 1776 ஆகஸ்ட். நியூயார்க் பக்கம் லாங் ஐலண்ட் தீவில் 27ஆம் தேதி சண்டை, வாஷிங்டன் தோற்றுப்போனார். முன்னால் பிரிட்டிஷ் படை, முதுகுக்குப் பின்னால் தண்ணீர். 29 ராத்திரி ஏறத்தாழ 9,000 பேரைச் சத்தமில்லாமல் அக்கரைக்குக் கடத்த வேண்டும். கையில் கிடைத்த படகையெல்லாம் சேர்த்தார்கள். தண்டு பிடித்தது குளோவரின் மார்பிள்ஹெட் ஆட்களும், சேலம் பக்கத்து ஹட்சின்சன் என்ற கர்னலின் ஆட்களும். விடிகிற நேரத்தில் கரையில் இன்னும் ஆட்கள் மிச்சம். அந்தச் சமயம் பார்த்து மூடுபனி இறங்கியது. பனி விலகுவதற்குள் எல்லோரும் போய்விட்டார்கள். கடைசிப் படகுகளில் ஒன்றில் ஏறியவர் வாஷிங்டன். சேற்றில் புதைந்த சில கனத்த பீரங்கிகளை மட்டும் விட்டுவிட்டார்கள்.

மூடுபனி தெய்வச் செயல் என்று அங்கே எழுதுவார்கள். இருக்கட்டும். அது வருவதற்கு முன்னால் ராத்திரி முழுக்கத் தண்டு வலித்தது கை.

ஜெனரல் ஆனது 1777 பிப்ரவரியில், பிரிகேடியர் ஜெனரல் பதவி. அதிலும் ஒரு வேடிக்கை. முதலில் வேண்டாம் என்றுவிட்டார். மனைவிக்கு உடம்பு சரியில்லை, வியாபாரமும் படுத்துவிட்டது, தனக்கு அந்தத் தகுதியும் இல்லை என்று மறுத்தார். வாஷிங்டனே கடிதம் எழுதி வற்புறுத்திய பிறகுதான் ஒத்துக்கொண்டார். அடுத்த வருஷமே ஹன்னா அம்மாள் இறந்துவிட்டார். 1782இல் உடம்புக்கு முடியாமல் ராணுவத்திலிருந்து விலகினார்.

1777 என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வரும். அதே வருஷம்தான் நம்ம உதயகிரிக் கோட்டையில் டிலனாய் இறந்தார். 1741இல் குளச்சல் கரையில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுக்கார அதிகாரி, கடைசியில் திருவிதாங்கூர்ப் படைக்கே பெரிய கப்பித்தான் ஆனவர். புலியூர்க்குறிச்சிக்குப் பக்கத்தில் இருக்கிற அவர் கல்லறையில் லத்தீனோடு தமிழும் வெட்டியிருக்கிறது, பையனைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அந்தப் போரில் நம்ம கரைக்காரர்கள் தண்டைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்து வரிசையாக நின்று டச்சுக்காரனை மிரட்டினார்கள் என்று என் அப்பாப்பா சொல்வார். நான் எந்த வகுப்பிலும் அதைச் சரித்திரம் என்று நடத்தியதில்லை, ஆனால் கதையாகச் சொல்லாமல் விட்டதும் இல்லை.

எம்எல்ஏ கதைக்கு நம்ம வக்கீல் தம்பி வருவார் என்று நினைக்கிறேன். சட்டம் பேச எனக்கு வாய் போதாது.

தூத்தூர்_தூண்டில் எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னதில் "தண்டு வலித்தது கை" என்ற இடத்தை நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இருபத்தாறு வருஷம் ஆழ்கடல் தூண்டில் தொழில், சுறாவும் சூரையும். சரித்திரம் எனக்கு யூடியூப்தான். தண்ணீர் தெரியும்.

முதல் விஷயம். லாங் ஐலண்டிலிருந்து கடந்த அந்த இடத்தை ஈஸ்ட் ரிவர் என்கிறார்கள். பேர்தான் ஆறு, உண்மையில் அது கடல் நீர். இரண்டு பக்கமும் கடலோடு சேர்கிற ஓடை. ஏற்றம் இறக்கம் இரண்டும் அதில் ஓடும். நம்ம தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில் தண்ணீர் இறங்கும்போது வள்ளம் கொண்டு நுழைந்தவனுக்குத் தெரியும், நேரே வலித்தால் நேரே போகாது. மூக்கை மேலே வைத்துச் சாய்வாக வலிக்க வேண்டும். அதையும் இருட்டில், விளக்கில்லாமல், பேச்சில்லாமல், படகு நிறைய நீச்சல் தெரியாத ஆட்களோடு. அன்று முன்னிரவில் வடகிழக்குக் காற்று, பாய்மரப் படகுகள் நகரவே முடியவில்லை. பதினொரு மணி வாக்கில் காற்று தென்மேற்குக்குத் திரும்பியிருக்கிறது. அதுவரை தண்டு மட்டும்தான். அந்த அகலம் ஒரு மைல் இருக்கும். ஒரு தடவை போய் வருவது பெரிய காரியமில்லை. ஒரே ராத்திரியில் திரும்பத் திரும்பப் போய் வருவதுதான் காரியம்.

நடுக்கடலில் ஆள் சாவது குறைவு. கரையேறும்போதும் கரையிறங்கும்போதும்தான் சாவு. பயந்த ஆள் படகில் ஏறினால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள். எழுந்து நிற்பார்கள். இதை 2018 வெள்ளத்தில் கேரளாவில் எல்லோரும் பார்த்தோம். லாரியில் படகைக் கொண்டுபோன மீன்பிடிக்காரர்கள் முதலில் செய்தது ஆட்களை உட்காரவைத்ததுதான், இன்ஜினைப் போட்டது அப்புறம். குளோவர் ஆட்களுக்கும் அதுதான் வேலையாக இருந்திருக்கும். ராணுவத்துக்காரன் சொன்னால் ராணுவத்துக்காரன் கேட்பான், ஆனால் படகுக்குள் தண்டுக்காரன் சொல்தான் நடக்கும். சின்ன வயசில் அப்பாவோடு வள்ளம் இறக்கும்போது பின்தண்டில் நிற்கிற மூப்பன் அலையை எண்ணுவார். மூன்று பெரிய அலை வரும், அப்புறம் ஒரு மூச்சு இடைவெளி. "வலி!" என்று ஒரு சத்தம்தான் போடுவார். எட்டு தண்டும் ஒன்றாக விழும். ஒருத்தன் பிந்தினால் வள்ளம் குறுக்கே திரும்பி அடுத்த அலை எல்லோரையும் மணலில் அடித்துவிடும். அந்தச் சத்தத்துக்கு எதிராக யாரும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை, ஊர்ப் பணக்காரன் மகன் வள்ளத்தில் இருந்தாலும் சரி. அப்படிப்பட்ட ஆட்களை ரெஜிமென்டாகச் சேர்த்தால் தனியாக டிரில் எதற்கு?

இன்னொரு விஷயமும் உண்டு. அந்த ரெஜிமென்டில் வெள்ளையர் மட்டும் இல்லை. கறுப்பர்களும் செவ்விந்தியர்களும் இருந்தார்கள். மீன்பிடிக் கப்பலில் ஒன்றாக வேலை செய்தவர்கள் அப்படியே ஒன்றாகப் படைக்கு வந்துவிட்டார்கள். கடலில் கை எத்தனை, அதுதான் கேள்வி.

இனி அந்தப் படம். அது வேறு ஒரு ராத்திரி. 1776 டிசம்பர் 25, டெலவேர் ஆறு. 2,400 பேர், 18 பீரங்கி, குதிரைகள், ஆற்றில் ஐஸ் பாளம் மிதந்து வருகிறது, கூடவே ஆலங்கட்டியும் பனியும் கலந்த புயல். அதையும் கடத்தியது குளோவர் ஆட்கள்தான். மூன்று இடத்தில் கடக்கத் திட்டம் போட்டார்கள், மற்ற இரண்டு இடத்திலும் முடியவில்லை. இவர்கள் இருந்த இடத்தில் மட்டும் முழுசாகக் கடந்தார்கள், நள்ளிரவுக்குள் முடிக்க நினைத்தது விடிகாலை மூன்று மணி ஆனது. காலையில் டிரென்டன் ஊரில் இருந்த ஹெஸ்ஸியன் கூலிப்படையை, அதாவது பிரிட்டிஷ் பக்கம் நின்ற ஜெர்மன் சிப்பாய்களை, பிடித்தார்கள், கைதிகள் மட்டும் 900 பேர் வரும். அவர்களையும் சேர்த்து அதே ஆற்றில் திரும்ப இக்கரைக்குக் கொண்டுவந்தார்கள். அதைப் பற்றி யாரும் படம் வரையவில்லை. திரும்பி வருகிற படகுக்கு எப்போதும் மவுசு கிடையாது.

படத்தில் இருக்கிற படகு தப்பு. கனமாக ஏற்றிப் போனது டர்ஹாம் படகுகள், இரும்புத்தாது ஏற்றுகிற படகு. 40 முதல் 60 அடி நீளம், அடிப்பாகம் தட்டை, பக்கச் சுவர் உயரம். பீரங்கியும் குதிரையும் ஆற்றைக் கடக்கிற மிதவைத் தட்டுகளில். படத்தில் இருக்கிற சின்னப் படகில் அத்தனை பேர் ஏறி, நடுவில் ஒருத்தர் எழுந்து நின்றால், எங்கள் ஊரில் மூப்பன் கரையிலேயே இறக்கிவிட்டிருப்பார்.

நாகர்கோவில்_கோட்டாறு_வக்கீல் எழுதியது:

வாத்தியார் சார் கூப்பிட்ட பிறகு வராமல் இருக்க முடியுமா.

அந்தப் படத்தை வரைந்தவர் லாய்ட்ஸே என்ற ஜெர்மன் ஓவியர், 1851இல், ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு. படகு மட்டுமல்ல, கொடியும் தப்பு. நட்சத்திரக் கொடியை ஏற்றுக்கொண்டதே 1777இல்தான். ஆனால் தண்டு வலிப்பவர்களில் ஒரு கறுப்பரை வரைந்திருக்கிறார் பாருங்கள், தூத்தூர் அண்ணன் சொன்ன விஷயம் அங்கே மட்டும் சரியாக விழுந்திருக்கிறது.

எம்எல்ஏ விவகாரத்துக்கு வருகிறேன். மாசச்சூசெட்ஸ் சட்டமன்றத்துக்குப் பெயர் ஜெனரல் கோர்ட். பையன் "ஜெனரல் குளோவர் ஜெனரல் கோர்ட்டுக்குப் போனார்" என்று சொன்னால் ஏதோ கேஸ் என்று நினைத்துவிடுவார்கள். நீதிமன்றம் இல்லை, மேலவையும் கீழவையும் உள்ள சட்டமன்றம். குளோவர் போனது கீழவைக்கு, 1788, 1789 ஆண்டுகளில். ஐந்து வருஷப் பதவி இல்லை. வருஷா வருஷம் தேர்தல். தொகுதி என்றும் கிடையாது, ஊர்தான் ஆளை அனுப்பும். மார்பிள்ஹெட் தன் ஆளை அனுப்பியது.

எல்லோருக்கும் ஓட்டும் கிடையாது. 1780 அரசியல் சட்டப்படி 21 வயது ஆண், வருஷம் 3 பவுண்டு வருமானம் தருகிற நிலமோ மொத்தம் 60 பவுண்டு மதிப்புள்ள சொத்தோ இருக்க வேண்டும். உறுப்பினராக நிற்க வேண்டுமென்றால் இன்னும் மேலே, ஊருக்குள் 100 பவுண்டு நிலம் அல்லது வரி விதிக்கத்தக்க 200 பவுண்டு சொத்து. ஆக, ஐஸ் ஆற்றில் தண்டு வலித்த கூலிக்காரர்களில் பல பேருக்கு அவர்களுடைய ஜெனரலுக்கே ஓட்டுப் போட முடிந்திருக்காது. முதல் வரியில் "ஏழை" வேண்டாம் என்று வாத்தியார் சொன்னதற்கு இதுதான் சட்டப்படியான காரணம்.

மீனவர்களுக்கு என்ன செய்தார் என்ற கேள்வி தந்திரமானது. 1788 ஜனவரியில், அமெரிக்கா முழுமைக்குமான புதிய அரசியல் சட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று மாசச்சூசெட்ஸில் மாநாடு கூடியது, குளோவரும் உறுப்பினர். பிப்ரவரியில் 187க்கு 168 என்ற கணக்கில் தப்பிப் பிழைத்தது அந்தத் தீர்மானம். அந்தச் சட்டம் வந்ததும் இறக்குமதி வரி, கடல் வணிகம், வெளிநாட்டு ஒப்பந்தம் எல்லாம் மத்திய அரசின் கைக்குப் போய்விட்டது. அதாவது பெட்டிச் சாவியை மேலே கொடுத்துவிட்ட பிறகுதான் அவர் மாநில சட்டமன்றத்துக்குள் நுழைகிறார்.

மீனவர்களுக்கு வந்த சலுகையும் மேலே இருந்துதான். 1789இல் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஏற்றுமதியாகிற ஒவ்வொரு குவின்டால் கருவாட்டுக்கும் 5 சென்ட் கொடுத்தது. வெளிநாட்டு உப்புக்குப் போட்ட வரிக்கு ஈடு. அந்தக் காசு போனது ஏற்றுமதி வியாபாரி கைக்கு. 1792இல் அதை மாற்றினார்கள். வருஷத்தில் நாலு மாதமாவது காட் மீன்பிடிப்பில் இருந்த படகுக்கு அதன் டன் கணக்குப்படி மானியம். எட்டில் மூன்று பங்கு படகுக்காரனுக்கு, எட்டில் ஐந்து பங்கு கடலுக்குப் போன ஆட்களுக்கு. இதில் குளோவருக்கு நேரடியாகக் கை கிடையாது, அவர் காங்கிரஸ் உறுப்பினர் இல்லை. ஆனாலும் பையனை இதைப் படித்துவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பங்குக் கணக்கைச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள் என்பது எனக்குச் சண்டையைவிடச் சுவாரசியமாக இருக்கிறது.

நமக்கும் இதே பாடுதானே. கரையிலிருந்து 12 கடல்மைல் வரை மீன்பிடிப்பு மாநிலத்தின் பொறுப்பு, அதற்கு அந்தப் பக்கம் மத்திய அரசு. தூத்தூர் அண்ணன்மார் தொழில் செய்வதெல்லாம் அந்தப் பக்கம்தான். மனுவை நாகர்கோவிலில் கொடுக்கிறோம்.

குளோவர் சட்டமன்றத்துக்கு முன்னும் பின்னும் பார்த்த வேலை ஒன்று உண்டு, செலக்ட்மேன். ஊர் நிர்வாகக் குழு உறுப்பினர். ஆறு தடவை அதில் இருந்திருக்கிறார். ரோடு, வரி, ஏழை நிவாரணம் இதெல்லாம் அங்கேதான். சட்டமன்றத்தை விட அந்த நாற்காலியில்தான் அவர் ஊருக்கு அதிகம் பயன்பட்டிருப்பார் என்பது என் கட்சி.

குளச்சல்_பழைய_வாத்தியார் எழுதியது:

வக்கீல் தம்பி, உன் கட்சியில் நானும் சேர்ந்துகொள்கிறேன், ஆனால் ஊர்க்காரர்கள் அவரைத் தலையில் வைத்து ஆடினார்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. போருக்கு முன்னால் 1773இல் ஊரில் பெரியம்மை. குளோவரும் அவர் அண்ணனும் எல்பிரிட்ஜ் கெரி முதலானவர்களும் சேர்ந்து பக்கத்தில் கேட் ஐலண்ட் என்ற தீவில் அம்மை குத்தும் ஆஸ்பத்திரி ஒன்று கட்டினார்கள். பணம் கட்டினால்தான் உள்ளே போகலாம். ஏழை ஜனங்களுக்கு ஆத்திரம், கூடவே தீவிலிருந்து வருகிற ஆட்களால் நோய் கரைக்கு வந்துவிடும் என்ற பயமும். 1774 ஜனவரியில் ராத்திரியோடு ராத்திரியாகப் படகில் போய் ஆஸ்பத்திரியைக் கொளுத்திவிட்டார்கள். அந்த ஜனங்களிலிருந்துதான் மறு வருஷம் ரெஜிமென்ட் திரண்டது! ஊர் என்றால் அப்படித்தான், காலையில் அடித்துக்கொள்ளும், மாலையில் ஒரே வள்ளம் தள்ளும்.

ஊர் ரொம்பப் பணக்கார ஊரும் இல்லை. 1789 அக்டோபரில் வாஷிங்டன் ஜனாதிபதியாகி மார்பிள்ஹெட்டுக்கு வந்தார். டைரியில் எழுதியிருக்கிறார்: வீடுகள் பழசு, தெரு அழுக்கு, சாதாரண ஜனங்கள் அவ்வளவு சுத்தமில்லை. மீன்பிடிப்பில் 110 படகுகளும் 800 ஆண்களும் பையன்களும் என்று கணக்கும் குறித்திருக்கிறார். தன்னை இரண்டு தடவை தண்ணீரைக் கடத்திவிட்ட ஊரைப் பற்றி மனுஷன் எழுதியது இது. மீன் நாற்றத்தைப் பற்றி எழுதாமல் விட்டாரே, அதுவரை புண்ணியம்.

குளோவர் 1797 ஜனவரியில் இறந்தார். அடக்கம் செய்தது அந்த ஊரின் பழைய கல்லறைக் குன்றில். அதே குன்றில் இன்னொரு நினைவுக்கல் உண்டு. 1846 செப்டம்பரில் கிராண்ட் பேங்க்ஸில் புயலில் சிக்கி அந்த ஒரே ஊரில் 11 படகும் 65 ஆட்களும் போனார்கள், அவர்களுக்கான கல் அது. 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தபோது எங்கள் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து பட்டியலில் பெயர் சேர்த்துக்கொண்டே இருந்தோம். அப்போது எனக்கு ஜெனரல் ஞாபகத்துக்கு வரவில்லை, அந்தக் கல்தான் வந்தது.

எம்எல்ஏ என்று பேசுகிறோமே தங்கச்சி, உங்கள் பையனுக்கு நம்ம கரையிலேயே ஒருவர் உண்டு. 1957இல் குளச்சல் தொகுதியில் ஜெயித்து காமராஜர் அமைச்சரவையில் மீன்வளத்துக்கும் உள்ளாட்சிக்கும் அமைச்சரான லூர்தம்மாள் சைமன். ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1, அடுத்த வருஷமே அந்த அம்மா மந்திரி. குளோவர் இரண்டு பதவியில் செய்ததை ஒரே பதவியில் கையில் வைத்திருந்தவர். பேச்சின் கடைசியில் ஒரு வரி இவருக்குக் கொடுங்கள்.

முட்டம்_பாறைக்கரை எழுதியது:

வாத்தியாரையா, வக்கீல் சார், தூத்தூர் அண்ணே, மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. பையன் எல்லாவற்றையும் படித்துவிட்டு முதல் வரியை மாற்றிவிட்டான். இப்போது இப்படி: "செருப்புத் தைத்தார், சாராயம் விற்றார், கருவாடு விற்றார், கடைசியில் ஒரு ராணுவத்தையே அக்கரை சேர்த்தார்." சாராயம் பள்ளி மேடையில் வேண்டாமே என்றேன். "உள்ளதைத்தானேம்மா சொல்றேன்" என்கிறான். ஸ்கூல் டீச்சரிடம் கேட்டுக்கொள் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். தம்பி அனுப்பிய இன்னொரு வாய்ஸ் மெசேஜில், லாங் ஐலண்டில் சத்தம் வராமல் இருக்கத் துடுப்பில் துணி சுற்றினார்கள் என்று சொன்னான். பையன் அதை மேடையில் செய்துகாட்டப் போகிறானாம். நேற்று அவன் தாத்தாவுடைய பழைய துடுப்பை எடுத்து, இலைப்பக்கம் முழுக்க என் பழைய சேலையைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியில் அடித்துப் பார்த்தான். சத்தம் குறையவே இல்லை. சேலை நனைந்து துடுப்பு கனத்ததுதான் மிச்சம், வீடெல்லாம் தண்ணீர்.

தூத்தூர்_தூண்டில் எழுதியது:

இலைப்பக்கம் சுற்றக் கூடாது தங்கச்சி. தண்ணீரில் விழுகிற சத்தம் கடலில் யாருக்கும் கேட்காது, அலைச் சத்தம் அதை விழுங்கிவிடும். காட்டிக்கொடுப்பது தண்டு வள்ளத்தின் விளிம்பில் உரசுகிற இடம். கட்டையோடு கட்டை தேய்கிற அந்தக் கிறீச் சத்தம் ராத்திரியில் ரொம்ப தூரம் போகும். துணியை அங்கேதான் சுற்ற வேண்டும், இரண்டு சாண் அகலத்துக்கு, கயிறு போட்டு இறுக்கி.

அவன் கையில் இருப்பது கட்டுமரத் துடுப்பாகத்தான் இருக்கும், அது எங்கேயும் உரசாது, கையிலேயே நிற்கும். வள்ளத் தண்டு வேண்டும். அக்கம்பக்கத்தில் யார் வீட்டு எரவாணத்திலாவது ஒன்று சொருகிக் கிடக்கும், கேட்டுப்பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் ஒரு நீளக் கழியும் மர பெஞ்சும் போதும். பெஞ்சு விளிம்பில் முதலில் சும்மா இழுத்துக்காட்டட்டும், அப்புறம் துணி சுற்றி இழுக்கட்டும். மைக்கைப் பெஞ்சுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். சேலை வேண்டாம், வழுக்கும். பழைய சாரம், அதாவது கைலி, அதுதான் நல்லது.